துளையும் நொடியும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



சாப்பாடு முடிந்த கையோடு பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வடை, பாயசத்துக்குப் பிறகு மேடை ஏறுகிறவன் பாடு என்ன என்று உங்களுக்குத் தெரியும். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். அசையாமல் இருக்கிறவர்களைப் படம் எடுப்பது எங்கள் தொழிலில் ரொம்ப சுலபம்!

இயற்பியல் படித்துவிட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரனாகப் போனவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் கேமராதான் சோறு போட்டது. இன்று பேசப்போவது இரண்டே இரண்டு விஷயம். ஒன்று, லென்ஸுக்குள் இருக்கும் துளை, அப்பர்ச்சர் என்பார்கள். இன்னொன்று, அந்தத் துளை வழியாக எத்தனை நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறோம் என்பது. அதுதான் ஷட்டர் வேகம்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. நம் பழைய இயற்பியல் கட்டிடத்தை வரும் கோடை விடுமுறையில் இடிக்கப் போகிறார்கள். கூரை இனிமேல் தாங்காது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். சரியான முடிவுதான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் இடிப்பதற்கு முன்னால் அதை முழுக்கப் படமெடுத்து ஒரு தொகுப்பு செய்வோம் என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. எடுக்கப் போகிறவர்கள் மாணவர்கள். துறையில் இரண்டு நல்ல டிஜிட்டல் கேமரா இருக்கிறது. மற்றபடி எல்லார் கையிலும் மொபைல் இருக்கிறது. ஜூன் மாதம் "இந்தப் படம் ஆடிப்போச்சு, மறுபடி எடுத்துட்டு வா" என்று யாரும் யாரையும் அனுப்ப முடியாது. எடுக்க அங்கே சுவர் இருக்காது.

ஆட்டோ என்று கேமராவில் ஒரு வசதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். பல சமயம் போதும். ஆனால் அந்த ஆட்டோவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வெளிச்சம் போதுமா போதாதா என்பது. எது முக்கியம், எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும்.

குழாயும் குடமும்

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குடம் சரியாக நிரம்ப வேண்டும், வழியவும் கூடாது. குழாயை அகலமாகத் திறந்தால் சீக்கிரம் நிரம்பும். கொஞ்சமாகத் திறந்தால் நேரமாகும். குழாயின் திறப்புதான் அப்பர்ச்சர். பிடிக்கிற நேரம்தான் ஷட்டர் வேகம். திறப்பைப் பாதியாக்கினால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவதாக ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. அதைக் குடத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்துக்குப் பதில் சின்னச் சொம்பை வைத்தால் உடனே நிரம்பிவிடும். ஆனால் வீட்டுக்குப் போனால் இருப்பது ஒரு சொம்புத் தண்ணீர்தான். ஐ.எஸ்.ஓ.வை 100லிருந்து 1600க்கு ஏற்றினால் கேமரா பதினாறில் ஒரு பங்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, அதையே பெருக்கிப் படம் பண்ணும். அதனால்தான் இருட்டான இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

கருவி எவ்வளவோ மாறிவிட்டது. எங்கள் காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு எடுப்போம். ஒரு சுருளுக்கு 36 படம். 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள்தான் இருந்தன. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆனது. இன்று உங்கள் பாக்கெட்டில் கோடிக்கணக்கான புள்ளிகள். ஆனாலும் துளையும் நொடியும் அப்படியே இருக்கின்றன. வெளிச்சம் உள்ளே வர வேறு வழி இல்லை.

எண் பெரிசு, துளை சிறிசு

புதிதாகக் கற்பவர்களைக் குழப்புவது அந்த எஃப் எண்தான். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும். எண் ஏற ஏறத் துளை சின்னதாகும். "என்ன சார் தலைகீழா இருக்கு?" என்பார்கள். தலைகீழ் ஒன்றுமில்லை. அது வகுத்தல். லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதுதான் எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ. எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. எஃப் 16 என்றால் மூன்று மி.மீ. சொச்சம், ஏறக்குறைய ஒரு மிளகு அளவு.

இயற்பியல் மாணவர்கள் இங்கே கொஞ்சம் காது கொடுங்கள். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு ஆகும். அதனால்தான் 2லிருந்து 4க்குப் போனால் வெளிச்சம் கால்பங்கு ஆகிறது. சரிபாதி ஆக வேண்டும் என்றால் விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அதாவது 1.4. அந்த 2.8, 5.6 எல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? வரிசையை மனப்பாடம் பண்ணவும் வேண்டாம். ஒன்று விட்டு ஒன்று இரட்டிப்பு. 1.4, 2.8, 5.6, 11 ஒரு வரிசை. 2, 4, 8, 16 இன்னொரு வரிசை. இன்றைய கேமராக்களில் சக்கரத்தை மூன்று கிளிக் திருப்பினால் பொதுவாக ஒரு முழுப்படி வரும்.

ஷட்டர் வேகத்தில் குழப்பமே இல்லை. நொடியில் 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15 என்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரட்டிப்பு. கேமராவின் திரையில் 125 என்று மட்டும் காட்டினால் அது நொடியில் 125இல் ஒரு பங்கு. முழு நொடிகளைக் காட்டும்போது பக்கத்தில் இரண்டு சிறு கோடு போட்டிருக்கும்.

மீட்டரே இல்லாத காலத்தில் நாங்கள் வைத்திருந்த ஒரு வாய்ப்பாடு இன்றும் செல்லும். நல்ல வெயிலில் எஃப் 16 வையுங்கள். ஐ.எஸ்.ஓ. எவ்வளவோ அதில் ஒரு பங்கு நொடி ஷட்டர். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஏறக்குறைய 1/125. அங்கிருந்து படி இறங்கலாம்: எஃப் 11 என்றால் 1/250, எஃப் 8 என்றால் 1/500. மூன்றும் ஒரே வெளிச்சம்தான். நம் கட்டிடத்தின் முகப்பைக் காலை வெயிலில் எடுக்க எஃப் 8, 1/500 போதும். கை ஆடினாலும் தெரியாது, கல் கல்லாகத் தெளிவு வரும்.

விரல் துளைப் பரிசோதனை

இப்போது தூங்குகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடவும். ஒரு சின்னச் சோதனை செய்வோம். கண்ணாடி போட்டவர்கள் கழற்றுங்கள். கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். எழுத்து மங்கலா? சரி. இப்போது ஆள்காட்டி விரலை மடக்கி, உள்ளே ஊசித்துளை மாதிரி ஒரு சின்ன ஓட்டை வருகிறபடி செய்து, அதைக் கண்ணை ஒட்டி வைத்து அதே எழுத்தைப் பாருங்கள்.

(இந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து "அட, தெரியுதே!" என்று ஒரு பேராசிரியர் சொன்னார். அவர் எனக்கு ஒளியியல் எடுத்தவர்!)

தெரிகிறது அல்லவா? ஆனால் இன்னொன்றையும் கவனித்தீர்களா, எழுத்து தெளிவானது, கூடவே இருட்டவும் செய்தது. முழுப் பாடமும் இதில் இருக்கிறது. துளை சின்னதானால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்து தெளிவாகும். விலையாக வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தை ஈடுகட்ட நேரத்தைக் கூட்ட வேண்டும். நேரம் கூடினால் அசைவு கலங்கும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும். எதை விடலாம் என்று முடிவு செய்கிற வேலையை நாம் செய்கிறோமா, கேமராவிடம் விடுகிறோமா என்பதுதான் கேள்வி.

சின்னத் துளைதான் நல்லது என்று எப்போதும் எஃப் 22 வைத்துவிடாதீர்கள். துளை ரொம்பச் சின்னதானால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறும். விளிம்பு விளைவு என்று நாம் படித்ததேதான். துறையின் கேமராவில் எஃப் 8, எஃப் 11 நல்ல இடம்.

கேலரி ஹால்

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை, படிப்படியாக ஏறிப்போகும் அந்த கேலரி வகுப்பறை. உள்ளே வெளிச்சம் குறைவு. ஆனால் யாரும் ஓடப்போவதில்லை. மரம் ஓடாது, பெஞ்சு ஓடாது. எனவே நேரம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

கையில் பிடித்து ஆட்டோவில் எடுத்தால் கேமரா ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, 1/30 என்று வைக்கிறது என்று கொள்வோம். புள்ளி இருக்கும், முன்பெஞ்சு தெளிந்தால் பின்பெஞ்சு மங்கும், கையும் ஆடும். அதையே ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ.வை 100க்கு இறக்கினால் நான்கு படி. 1/30 போய் அரை நொடி ஆகும். எஃப் 4லிருந்து எஃப் 8க்குப் போனால் இன்னும் இரண்டு படி. இரண்டு நொடி ஆகும். எஃப் 8, 2 நொடி, ஐ.எஸ்.ஓ. 100. அதே வெளிச்சம்தான், ஆனால் பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறி வைத்த பெயர்கள் வரிசை வரிசையாகப் படிக்கக் கிடைக்கும். (யார் யார் கீறினோம் என்று இப்போது கேட்கக் கூடாது!)

இரண்டு சின்ன விஷயம். பட்டனை விரலால் அமுக்கினாலே ஸ்டாண்டு ஆடும். இரண்டு நொடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். ஃபோகஸை முன்பெஞ்சிலும் வைக்க வேண்டாம், கடைசியிலும் வைக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள்.

கரும்பலகையைத் தனியாக எடுக்கும்போது கேமரா ஏமாந்துபோகும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க அது முயலும். கரும்பலகை சாம்பல் பலகையாகிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு படி கழித்தல் வையுங்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு ஒரு படி கூட்டல்.

ட்யூப்லைட் விஷயம்

ஆய்வுக்கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/500 வைத்து எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நிறம் மாறும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். ஒரு முழுத் துடிப்பு அல்லது இரண்டு உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். மொபைலில் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கையில் பிடித்து எடுக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸ் எத்தனை மி.மீட்டரோ அதில் ஒரு பங்கு நொடி. துறையின் கேமராவில் உள்ள சென்சார் பழைய ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறியது, ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 75. ஆக 1/80க்குக் குறையாமல் இருக்கட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அமுக்க வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இப்போது லென்ஸிலேயே வருகிறது. ஆனால் அது சமாளிப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அது என்ன செய்யும்?

நம் ஆசிரியர்கள்

அதனால்தான் பெரியவர்களைப் படம் எடுக்கும்போது நான் 1/125க்குக் கீழே இறங்குவதில்லை. ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்கள் சிலர் அந்தக் கட்டிடத்தில் கடைசியாக ஒருமுறை வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறார்கள். எழுபது எண்பது வயதில் கை நடுங்கும், தலை லேசாக ஆடும். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எஃப் 4, 1/125, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு கேட்கிறதோ கேட்கட்டும். புள்ளி விழுந்த முகத்தைப் பார்க்கலாம், கலங்கிய முகத்தைப் பார்க்க முடியாது. கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

இங்கே ஆசை ஒன்று வரும். எஃப் 1.8 வைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி கரைந்து அழகாக இருக்குமே என்று. கல்யாண ஆல்பத்துக்குச் சரி. ஆனால் அவர் பின்னால் இருப்பது அவர் முப்பது வருஷம் பாடம் எடுத்த அறை. சுவரில் கால அட்டவணை, அலமாரியில் பழைய கால்வனாமீட்டர். அதைக் கரைத்துவிட்டால் அந்தப் படத்தை எந்த ஸ்டுடியோவில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆகவே ஒருவருக்கு இரண்டு படம் எடுங்கள். எஃப் 2.8இல் முகம் மட்டும், குடும்பத்துக்கு. எஃப் 8இல் அறையோடு, தொகுப்புக்கு.

குரூப் போட்டோவுக்கும் இதே எஃப் 8தான். மூன்று வரிசையாக நிற்கிறோம்; நடுவரிசைக்கு ஃபோகஸ். வேப்பமரத்தடியில் நிறுத்தாதீர்கள், மூஞ்சி முழுக்க வெயில் புள்ளி விழும். கட்டிட நிழலில் நிறுத்துங்கள்.

மொபைலில் துளை பெரும்பாலும் மாறாது. நிலையாக ஒரே அளவு. நேரமும் ஐ.எஸ்.ஓ.வும்தான் மாறும். புரோ என்ற பிரிவுக்குள் போனால் அவற்றை நீங்களே வைக்கலாம். போர்ட்ரெய்ட் என்ற வசதியில் வரும் மங்கல், லென்ஸ் செய்வது கிடையாது. கணக்குப் போட்டுச் செய்வது. கண்ணாடிச் சட்டமும் முடியும் சில நேரம் அந்தக் கணக்கில் காணாமல் போகும். இந்த வேலைக்கு அதை அணைத்து வையுங்கள்.

நிற்காதவர்கள்

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன்.

1838இல் பாரிஸ் நகரத்தில் டாகுவேர் என்பவர் தன் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தார். புகைப்படக் கலையின் தொடக்க காலம் அது. வெளிச்சம் பதியப் பல நிமிடம் ஆகும். வண்டியும் ஜனமும் போய்க்கொண்டிருந்த தெரு. ஆனால் படத்தில் பார்த்தால் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் நிற்காத யாரும் பதியவில்லை. ஓரத்தில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆளும், போட்டுவிட்ட ஆளும் மட்டும் விழுந்திருக்கிறார்கள். மனிதர்கள் தெரியும் மிகப் பழைய புகைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள்.

நாற்பது வருஷம் கழித்து, 1878இல், கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுகிற குதிரையை வரிசையாகப் பன்னிரண்டு கேமரா வைத்துப் பிடித்தார். நான்கு குளம்பும் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்கிற ஒரு நொடித்துளி உண்டு என்று அப்போதுதான் உலகத்துக்கு நிரூபணம் ஆனது. ஷட்டர் வேகம் கூடியதால் வந்த பலன்.

நம் துறையின் பழைய குரூப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். நானும் ஒரு வாரமாகப் பார்த்தேன். நடுவில் துறைத்தலைவர், இருபக்கமும் ஆசிரியர்கள், பின்னால் நாங்கள். நாற்காலி தூக்கிப் போட்ட ஆய்வக உதவியாளர் எங்கே? அவர் அடுத்த குரூப்புக்கு நாற்காலி தூக்கப் போயிருப்பார். விடியற்காலையில் வந்து மூன்று மாடியையும் கூட்டிய அம்மா எங்கே? மணி அடித்த அண்ணன் எங்கே? கேன்டீனில் டீ ஆற்றியவர்? பாரிஸ் தெரு மாதிரிதான். வேலை செய்துகொண்டே இருந்தவர்கள் யாரும் படத்தில் விழவில்லை.

டாகுவேரிடம் வேகமான ஷட்டர் இல்லை. நம்மிடம் 1/4000 வரை இருக்கிறது.

கூட்டுகிற கை, நடக்கிற ஆள் என்றால் 1/250. அது முகத்தைத் தெளிவாக நிறுத்தும். விளக்குமாற்றின் நுனி கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை, வேலை நடக்கிறது என்று தெரியட்டும். டீ ஆற்றுவதைப் பாருங்கள். 1/1000 வைத்தால் டம்ளருக்கும் டம்ளருக்கும் நடுவே டீ கண்ணாடிச் சரடு போல நின்றுவிடும். 1/30 வைத்தால் பட்டுத்துணி மாதிரி வழியும். இரண்டும் நன்றாக இருக்கும், ஆனால் 1/30இல் அவர் முகம் ஆடாமல் இருக்க வேண்டும். கேன்டீனுக்குள் எஃப் 2.8, 1/60, ஐ.எஸ்.ஓ. 400 என்றால், அதே இடத்தில் 1/1000க்குப் போக ஐ.எஸ்.ஓ. 6400 வேண்டும். அண்ணனை இரண்டடி வாசல் பக்கம் வந்து ஆற்றச் சொல்லுங்கள். வெளிச்சம் இலவசம்.

மணி அடிப்பதை 1/15இல் எடுத்துப் பாருங்கள், ஸ்டாண்டு போட்டு. தண்டவாளத் துண்டு அசையாமல் நிற்கும், அடிக்கிற கை மட்டும் கலங்கும். படத்தைப் பார்த்தால் காதில் சத்தம் கேட்க வேண்டும்.

சைக்கிளில் வருகிற வாட்ச்மேனை இன்னொரு முறையில் எடுக்கலாம். 1/30 வைத்து, அவர் போகிற வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டே அமுக்குங்கள். அவர் தெளிவாக நிற்பார், பின்னால் கட்டிடம் கோடு கோடாக ஓடும். பத்துக்கு ஒன்றுதான் சரியாக வரும். டிஜிட்டலில் ஒன்பதை அழித்துவிடலாம். எங்களுக்கு ஃபிலிம் போனது போனதுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்த படத்தை பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் பெயரையும் பதவியையும் எத்தனை வருஷ வேலை என்பதையும் எழுதி வாங்குங்கள். பெயர் இல்லாத முகம் இன்னும் இருபது வருஷத்தில் யாரோ ஒருவர் முகமாகிவிடும்.

எங்கே ஆரம்பிப்பது?

கேமராவின் மேல் உள்ள சக்கரத்தில் ஏ அல்லது ஏவி என்று ஒன்று இருக்கும். அதில் துளையை நீங்கள் சொன்னால் நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கட்டிடத்துக்கும் குரூப்புக்கும் அது. எஸ் அல்லது டிவி என்பதில் நேரத்தை நீங்கள் சொல்ல, துளையைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்களின் வேலைக்கும் விளையாட்டுக்கும் அது. (டிவி என்றால் சீரியல் ஓடும் என்று நினைக்க வேண்டாம்!) எம் என்பதில் இரண்டும் உங்கள் பொறுப்பு. கேலரி ஹாலில் ஸ்டாண்டு போட்டபின் அதற்கு வாருங்கள்.

இந்த வாரமே ஒரு பயிற்சி செய்யுங்கள். வீட்டில் சுற்றுகிற ஃபேனை 1/1000, 1/60, 1/8 என்று மூன்று படம் எடுங்கள். வராந்தா நீளத்துக்கு வரிசையாகப் பத்து செருப்பு வைத்து எஃப் 2.8, எஃப் 8, எஃப் 16 என்று மூன்று படம். ஆக மொத்தம் ஆறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இங்கே ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த ஆறு படம் அதிகம் சொல்லித்தரும்.

ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் கோப்புக்குள்ளும் என்ன துளை, என்ன வேகம், என்ன ஐ.எஸ்.ஓ., எந்தத் தேதி என்பது தானாகப் பதிந்திருக்கும். மொபைலில் படத்தின் விவரம் என்ற இடத்தைத் திறந்தால் தெரியும். நாங்கள் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டதை உங்கள் கேமரா எழுதித் தருகிறது. ஆடிப்போன படத்தை உடனே அழிக்காமல், அதன் வேகம் என்ன என்று பார்த்துவிட்டு அழியுங்கள். தொகுப்புக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி அந்த விவரங்களையும் உதிர்த்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுவந்து துறை அலுவலகத்தில் கொடுங்கள்.

வேலையை நான்காகப் பிரித்திருக்கிறோம். முதலாமாண்டு மாணவர்கள் வெளிச்சுவரும் படிக்கட்டும். இரண்டாமாண்டு, கேலரி ஹாலும் ஆய்வுக்கூடங்களும். மூன்றாமாண்டு, ஆசிரியர்கள். முதுநிலை மாணவர்கள், கட்டிடத்தில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் எல்லாரும். ஓய்வுபெற்றுப் போன ஆய்வக உதவியாளர்கள் இருவரின் வீடு எங்கே என்று நம் நண்பர்கள் விசாரித்து வைத்திருக்கிறார்கள். வண்டி வைத்து அழைத்துவருவது எங்கள் வகுப்பின் பொறுப்பு. ஏப்ரல் மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை நான் இங்கேயே இருப்பேன். அந்த நேரத்து வெளிச்சம் கிழக்கு வராந்தாவில் சாய்வாக விழும். தூணில் உள்ள கல்வெட்டு எழுத்து அப்போதுதான் எழுந்து தெரியும். கேமரா இல்லாதவர்களும் வரலாம். ஸ்டாண்டு பிடிக்க ஆள் வேண்டும், பெயர் எழுத ஆள் வேண்டும்.